நான் கொடுத்த மூன்று முயல்கள்

என் கூட்டில் நோய் வராது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவன் நான்தான்.

கேரளத்து நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். வீடு அமரவிளையிலிருந்து உள்ளே திரும்பும் சாலையில். கொரோனாவுக்காகக் கோர்ட்டை அடைத்துப்போட்ட மாதங்களில், பொழுது போகாமல் ஒரு ஜோடி முயல் வாங்கி மொட்டைமாடியில் விட்டேன். எங்கள் வீட்டில் யாரும் கறி தொடுவதில்லை. "சும்மா பாத்துட்டு இருக்கத்தான்" என்று மனைவியிடம் சொன்னேன். ஒரு வருடத்துக்குள் கம்பிவலைக் கூடுகள் எட்டாகிவிட்டன. வாங்கிப்போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. அவளும் என்னிடம் கேட்பதில்லை.

அந்த வேலை எனக்குக் கைவந்துவிட்டது. பெட்டையைத்தான் கடுவனின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், மாற்றிச் செய்தால் பெட்டை அதைக் கடித்து விரட்டும். ஒரு மாதத்தில் குட்டி போடும். அதற்கு முந்தைய நாள் தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கி, பெட்டிக்குள் மெத்தை போட்டு வைக்கும். இதையெல்லாம் முயல் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் நான் விளக்கிச் சொல்லுவேன். யாராவது தன் முயலுக்குச் சொறி என்று படம் போட்டால் உடனே குரல் பதிவு அனுப்புவேன்: "சுத்தம் இருந்தா சொறி எப்படி வரும்? எனக்க கூட்டுல இதுவரைக்கும் வந்ததில்ல."

பிறகு என் கூட்டிலும் வந்தது. ஒரு மழைக்காலத்தில் ஆரியங்கோட்டிலிருந்து சாம்பல் நிறக் கடுவன் ஒன்றைக் கொண்டுவந்தேன். புதிதாக வருவதைச் சில வாரம் தனியாக வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லுகிறவன், அழகில் மயங்கி நேராக மற்றவற்றின் பக்கத்தில் வைத்துவிட்டேன். மூன்றாம் வாரம் ஒரு பெட்டையின் காது ஓரத்தில் காய்ந்த கஞ்சி மாதிரி வெள்ளையாகப் பொருக்கு.

யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பக்கத்து மிருக ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுத் தொலைவில் ஒரு டாக்டரிடம் போனேன். எல்லாவற்றுக்கும் ஊசி போட வேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும், அதுவரை ஒன்றையும் வெளியே கொடுக்காதே என்றார். தலையாட்டினேன்.

முதல் ஊசி போட்ட ஐந்தாம் நாள் எங்கள் சாலையிலேயே இருக்கும் ஒரு பெண் வந்தாள். எங்கள் வீட்டுக்குக் கீழே மூன்றாவது வீடு. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள். காலை பத்து மணிக்குள் வேலை முடிந்துவிடும். ஆறு மாதமாக, வருகிற வழியில் ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு வந்து எங்கள் மாடியில் போட்டுவிட்டு, நான் செய்வதையெல்லாம் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கூடு அடிச்சாச்சு. ரெண்டு பெட்டையும் ஒரு கடுவனும் வேணும். உங்ககிட்ட இருந்துதான் எடுக்கணும்னு இருந்தேன்."

ஒரு மாசம் கழிஞ்சு வா என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அப்போது சொறி என்ற சொல் என் வாயிலிருந்து வர வேண்டும். அது வரவில்லை. பார்வைக்கு நன்றாக இருந்த மூன்று குட்டிகளை எடுத்தேன். ஒன்றின் காது ஓரத்தில் மட்டும் அரிசிக் குருணை அளவுக்குப் பொருக்கு இருந்தது. அவள் கூடைக்குள் புல் விரித்துக்கொண்டிருந்த நேரம், விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். உதிர்ந்துவிட்டது. அந்தக் குட்டியைத்தான் அவள் முதலில் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து எங்கள் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். உள்ளே வரச் சொன்னேன்.

"வேண்டாம் அண்ணே, நான் வரல்ல. எனக்க முயலுக்கெல்லாம் சொறி. நான் வந்து உங்க முயலுக்கும் ஒட்டிரப்பிடாது." அவள் இரண்டு மணிக்கட்டிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு இருந்தது. ராத்திரி முழுக்க அரிக்கிறதாம். "நீங்க சொன்ன மாதிரிதான் எல்லாம் செய்தேன். எங்க தப்புச்சுன்னு தெரியல்ல."

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"கூட்டைச் சுத்தமா, வெடிப்பா வைக்கணும்னு எத்தனை மட்டம் சொன்னேன்? ஈரப் புல்லை அப்படியே அள்ளிப் போட்டிருப்பே."

தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா அண்ணே. மழையில ரெண்டு மூணு நாள் போட்டுட்டேன்."

அதற்குள் என் முயல்கள் இரண்டாவது ஊசியும் போட்டுச் சுகமாகியிருந்தன. இனி எங்கே போய் எந்த மருந்து வாங்க வேண்டும் என்றுகூட அவளுக்குச் சொல்லாமல் மாடிக்குப் போனேன். சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாளே.

பிறகு அவள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது சாலையின் அந்தப் பக்கம் ஏறி நடந்தாள். பல நாள் அதைப் பார்த்த மனைவி ஒரு மாலை கேட்டாள்: "அவ எதுக்கு இப்படி ஒதுங்கிப் போறா?"

சொன்னேன். அவளுடைய முயல்களுக்குச் சொறி, நம்முடையதுக்கு ஒட்டிவிடும் என்று பயப்படுகிறாள் என்று. மனைவி அரிந்துகொண்டிருந்த பயற்றங்காயைக் கீழே வைத்தாள்.

"நம்ம முயலுக்கு ஊசி போட்டது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

"நாளைக்கு நீங்க போய்ச் சொல்லணும். இல்லேன்னா நான் போவேன். நான் போனா உங்களுக்கு இன்னும் கேவலமாக்கும்."

மறுநாள் போனேன். அவள் முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் விரித்துக்கொண்டிருந்தாள். கூட்டில் ஒரு பெட்டை மட்டும் இருந்தது. மற்ற இரண்டும் மூக்கெல்லாம் பொருக்குக் கட்டி, தின்ன முடியாமல் செத்துப்போயிருந்தன. டாக்டர் சொன்னது, எண்ணெய் தேய்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஷீட்டின் ஓரங்களை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். நான் முடித்த பிறகும் ஓர் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தாள்.

"முயல் தந்தது போட்டும்," என்றாள். "நாலு பேருக்கு முன்னே குறைஞ்சு போவோம்னு யாருக்கும் ஒரு பயம் உண்டு. ஆனா வாசல்ல வந்து நின்னு கேட்டேன் இல்லியா? அப்போ என்னை ஏசினியளே, அது எதுக்கு?"

 

நல்ல குட்டிகள் மூன்று தருகிறேன் என்றேன். "முயல் வேண்டாம். மருந்துக்க பேரை எழுதித் தாருங்க," என்றாள். எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து கோர்ட்டில் எல்லாரும் மெச்சுகிற கையெழுத்து. அன்று அவள் ஒரு எழுத்தை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டை பிழைத்தது. வேறெங்கிருந்தோ கடுவன் கொண்டுவந்து சேர்த்தாள். இப்போது அவளிடம் என்னிடம் இருப்பதைவிட அதிக முயல்கள் உண்டு. நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் காதுக்கு வந்திருக்கும். குழுவில் நானே எழுதிவிடுவது என்று இரண்டு தடவை தட்டச்சு செய்து இரண்டு தடவையும் அழித்தேன். பிறகு ஒருநாள் சத்தமில்லாமல் அந்தக் குழுவை விட்டு விலகிக்கொண்டேன். ஏன் போய்விட்டீர்கள் என்று கேட்டவர்களிடம் கோர்ட்டில் வேலை அதிகம் என்றேன்.

எங்கள் ஊரில் கடையிலும் ஆபீசிலும் மலையாளம் பேசுவோம். வீட்டு மனிதர்களோடு தமிழ். அவளும் என்னோடு எப்போதும் தமிழ்தான் பேசுவாள். இப்போது சாலையில் எதிரே கண்டால் ஒதுங்குவதில்லை. நின்று, முகம் பார்த்து, "சுகமல்லே சாரே?" என்று கேட்கிறாள். தாலுகா ஆபீசில் ஓர் அதிகாரியைக் கேட்பது போல, மரியாதையாக, மலையாளத்தில். நானும் சுகம்தான் என்று மலையாளத்திலேயே சொல்லிவிட்டு நடக்கிறேன்.