மரத்துப்போனது எது என்று கேட்டவர்

செய்தி வந்தபோது நான் ஒரு மூளை அலைப் பதிவைக் கணினியில் இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஆய்வகத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: 'ஸ்டெல்லா மேடம் காலையில் தவறிவிட்டார், மாரடைப்பு.' படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். மிச்சமிருந்த பதிவையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது பொய் சொல்ல மனம் வரவில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். விபத்திலும் தீயிலும் பிழைத்தவர்களின் தலையில் பசை தடவி, கம்பிகளை ஒட்டி, மூளை அலைகளைப் பதிவு செய்வது அவர் வேலை. அந்தக் கோடுகளுக்கும், அவர்களை விடாமல் துரத்தும் பயத்துக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பது என் வேலை. அவர் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகள். கல்யாணமாகி வந்ததிலிருந்து காக்ஸ் டவுன்வாசி. வயதில் மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். அவர் விடாப்பிடியாக என்னை சார் என்பார்.

எங்கள் கேள்வித்தாளைத் தமிழில் எழுதியது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. 'மரத்துப்போன உணர்வு இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி. வயதானவர்கள் வரிசையாக 'ஆம்' என்றார்கள். நானும் மகிழ்ந்துபோய் அட்டவணை போட்டேன். அக்கா அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ சார், நீங்க மனசைக் கேக்குறீங்க, அவங்க காலைச் சொல்றாங்க. பாதிப் பேருக்கு சுகரு!"

அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, பென்சிலால் கீழே எழுதினார்: 'யாராவது அழுதா உங்களுக்கு அழுகை வருதா?' அதற்குப் பிறகு யாரும் சட்டென்று பதில் சொல்லவில்லை. ஓர் அம்மா பதிலே சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

குமார் விஷயத்தில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. தொம்மலூர்க்காரர். அவர் ஓட்டிய ஆபீஸ் வேன் கவிழ்ந்து எரிந்ததில் அவர் மட்டும் பிழைத்தார். பதிவுக்குக் கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். அவரால் ஐந்து நொடிகூட முடியவில்லை. "மூடுனா பெட்ரோல் வாசன வருது மேடம்" என்றார். அக்கா அறைக் கதவை விரியத் திறந்து வைத்தார். "கதவு திறந்துதான் இருக்கு குமார். எப்ப வேணா எழுந்து போலாம்." வராந்தாச் சத்தத்தில் குமார் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, பதிவு முழுக்க நாசம். நான் கத்தினேன்.

"உங்க கோடு கெட்டா இன்னொரு நாள் எடுத்துக்கலாம் சார். ஆளு கெட்டா?"

ஆனாலும் குமாரின் பதிவை ஆய்விலிருந்து நீக்கினேன். அக்கா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

போன மாதம், ஒரு தீ விபத்துப் பதிவைப் பார்த்தபடி தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தேன். அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். "சார், யாராவது அழுதா உங்களுக்கு அழுகை வருதா?"

"எனக்கு இன்னும் சுகர் வரலக்கா."

"ஜோக் பேட சார், வேணாம். நெஜமாத்தான் கேக்குறேன்."

எத்தனை வருடமாக இதே கோடுகள், இதே கதைகள்! அலுத்துப்போயிருந்தேன். வேலை இருக்கிறது என்று டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அடக்கத்தன்று மாதா கோயிலில் அவர் மகள் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். எல்லோரும் அழுதார்கள். நான் கல்லாக நின்றேன். அக்கா கேட்டது சரிதான், எனக்கு மரத்தேபோய்விட்டது என்று பயந்தேன். உண்மையாகவே பயந்தேன்.

பங்குத்தந்தை, "கண்களை மூடி மன்றாடுவோம்" என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. திறந்த கண்ணோடு நின்றதால்தான் பார்த்தேன். வாசல் பக்கம் குமார். திறந்திருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடினார். மன்றாட்டு முடியும்வரை திறக்கவில்லை.

அந்தப் பென்சில் எழுத்துக் கேள்வித்தாளை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அன்று டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனதற்கு மன்னித்துவிடுங்கள், அக்கா.

வருதுக்கா.