ஈயம் கழற்றிய வலை

எனக்குத் தண்ணீர் பயம் கிடையாது. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன் இதைச் சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் போன வருஷத்திலிருந்து குளிக்கும்போது தலையில் ஒரு சொம்பு தண்ணீர் விழுந்தால்கூட மூச்சு நின்று போகிறது. கண்ணை மூடினால் அந்தக் கறுப்பு தெரிகிறது. வெட்கக்கேடு, யாரிடம் போய்ச் சொல்வது?

கடலை விட்டுவிட்டு நான் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் லேபர். இரும்பு பழுத்துச் சிவந்து ஓடும் இடம். கடலில் வாங்கிய வெயிலெல்லாம் அதற்கு முன்னால் நிழல்தான். வலையைத் தொடக்கூட நேரமில்லை. என் பழைய நைலான் வலை கிழிந்து நைந்து வீட்டோரமாகக் குவிந்து கிடந்தது. என் மனைவி தினமும் அதைப் பார்த்துத் திட்டுவாள்.

"யோவ், பாம்பு வந்து பூந்துக்கினா யாரு பாக்குறது? எடுத்துக்கினு போய்யா அத்த!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வலையின் அடிக்கயிற்றில் கோத்திருந்த ஈயக் குண்டுகளை எல்லாம் கழற்றினேன். ஈயம் இன்னொரு வலைக்கு ஆகும். மேல்கயிற்றில் இருந்த மிதப்புகளை அப்படியே விட்டேன். மிதப்பு என்றால் கடையில் வாங்கியது இல்லை. பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிக் கோப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் வலையில் பாதி அவளுடைய பச்சைச் செருப்புதான். நாய் கடித்துக் குதறிய தடம்கூட அதில் அப்படியே இருந்தது. போயும் போயும் செருப்பை யார் கழற்றிக்கொண்டிருப்பது? வலையை நாலு கட்டாகக் கட்டி, தெரிந்தவர் படகில் ஏற்றிப் போய், கரை மறைந்த பிறகு தள்ளிவிட்டு வந்தேன். "கடலுக்குக் குடுத்துட்டேன்" என்று அவளிடம் சொன்னேன். எங்களில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், என்னவோ கோயிலுக்கு மாடு நேர்ந்துவிட்ட மாதிரி. அத்தோடு அதை மறந்தும் போனேன்.

மறு வருஷம் ஆர்டர் இல்லை என்று மில்லை ஒரு மாசம் மூடினார்கள். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, காசிமேட்டில் லாஞ்சு என்கிற பெரிய இன்ஜின் படகு ஒன்றை ஓட்டுகிறான். ஆள் குறைகிறது, வா என்றான். போனேன்.

மூன்றாம் நாள் காலை, கரை எந்தப் பக்கம் என்று கேட்டால் சூரியனைத்தான் காட்ட வேண்டும் என்கிற தூரத்தில் இருந்தோம். அங்கே தண்ணீர் நீலம்கூட இல்லை, மை. எத்தனை பாகம் கயிறு விட்டாலும் தரை தட்டாது. கையை விரித்துப் பாகம் பாகமாகக் கயிறளந்த காலத்திலிருந்தே எங்கள் ஆட்களுக்கு அந்த இடம் என்றால் ஒரு அடக்கம். நாங்கள் நாஷ்டா முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தோம். இன்ஜின் ஒரு தரம் முனகிவிட்டு நின்றது.

மச்சான் எட்டிப் பார்த்தான். "பேஜாரு மாமா. ப்ரொபெல்லர்ல வலை சுத்திக்கினு கீது."

லாஞ்சு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலா காட்டியது. காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது. இப்படியே கிடந்தால் கவிழ்ந்துவிடும். நான் இறங்குகிறேன் என்றேன். "நீ இரும்புக்காரன், கம்முனு கெட" என்று சிரித்துவிட்டு, மச்சான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கத்தியோடு குதித்தான்.

இரண்டு தரம் மேலே வந்து மூச்சு வாங்கினான். மூன்றாம் தரம் வரவில்லை. கயிறு விறைத்தது, உதறியது, பிறகு உதறலும் நின்றது. ஐயோ, அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தேன்.

கீழே வலை ஒரு சுவர் மாதிரி தொங்கியது. சிப்பியும் பாசியும் ஏறிக் கனத்திருந்தது. அதில் ஒரு பெரிய ஆமை செத்துக் கிடந்தது. எங்கள் வலையில் ஆமை விழுந்தால் கும்பிட்டு விட்டுவிடுவோம். மீன்கள் வெறும் முள்ளாய் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு சூரை மீன் மட்டும் உயிரோடு செவுளைத் திறந்து திறந்து மூடியது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கறுப்பு, கறுப்புக்கும் கீழே கறுப்பு. மச்சானின் கணுக்கால் வலையில் சுற்றியிருந்தது. ஆமையின் கனம் அவனைக் கீழே இழுத்தது. அவன் என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

அவன் காலருகே மேல்கயிற்றில் ஒரு பச்சை வட்டம். நாய்ப் பல் தடம்.

அந்த நேரத்தில் நான் அவனை அறுத்து எடுக்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் வாயிலிருந்து காற்று குமிழ் குமிழாய்ப் போன பிறகுதான் என் கை அசைந்தது. கண்ட இடத்தில் எல்லாம் அறுத்தேன். அவன் கால் தோலும் சேர்ந்து அறுந்தது.

மேலே தூக்கிப் போட்டதும் தண்ணீராய்க் கக்கினான். மூச்சு திரும்பியதும் முதல் வேலையாகத் திட்டினான்.

"எந்தப் பேமானி வுட்டுட்டுப் போனானோ, அவன் கை வெளங்காமப் பூடும்!"

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். ப்ரொபெல்லரில் மிச்சம் இருந்ததை லாஞ்சில் கூட இருந்த இரண்டு பேர் மாறி மாறி இறங்கி அறுத்தார்கள். என்னால் மறுபடி இறங்க முடியவில்லை. அறுந்த வலை ஆமையோடு சேர்ந்து மெல்லக் கீழே போயிற்று.

"போய்த் தொலைஞ்சுது" என்றேன்.

"எங்க தொலையும்? மீனு மாட்னா கனத்துக்கினு கீய போவும். அழுவி உதுந்துச்சுன்னா மறுபடி மேல வரும், மறுபடி மாட்டும். அதுக்கு சாவே கெடையாது மாமா."

நான் மில்லில் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிய நாளெல்லாம் அது அங்கே கட்டவிழ்ந்து, ஆளில்லாமல் ஓவர்டைம் பார்த்திருக்கிறது. ஈயம் இருந்திருந்தால் தரையிலாவது போய்க் கிடந்திருக்கும்.

ஊருக்கு வந்ததும் காலில் கட்டோடு மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன் காலைச் சுற்றியிருந்த வலைத்துண்டை அக்காவிடம் காட்டக் கொண்டு வந்திருந்தான். எங்கே ஒளித்து வைத்திருந்தானோ, நான் கவனிக்கவே இல்லை.

"என்னைக் கொல்லப் பாத்தது இதான்க்கா" என்று அவள் மடியில் போட்டான்.

அவள் அழுதுகொண்டே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சை வட்டத்தில் அவள் விரல் நின்றது.

"இது என் செருப்பாச்சே" என்றாள்.

அவள் என்னைப் பார்த்தாள், தம்பியின் காலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். மச்சான் திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தினி கட்டு வுட்ட மாமா?"

"நாலு."

அவன் நாலு விரலை நீட்டினான். ஒன்றை மடக்கினான், மூன்று நின்றது. பிறகு எழுந்து நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனான்.

"புதன்கிழமை லாஞ்சு கெளம்புது" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "நீயும் வா. இனிமே இன்ஜின் நின்னா நீதான் எறங்கணும்."