நான்காவது உறை

சிதம்பரத்தில் என் மகன் வீட்டு முன்வாசலில் போன வாரம் புல்தரை போட்டார்கள். மாசி பிறந்துவிட்டது, வெயில் ஏறுவதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும் என்று ஆட்கள் அவசரப்பட்டார்கள். பாயைப் போல் சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்து, மேலே குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். ஒரு மணி நேரமாக அது நிற்கவில்லை. நான் வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

“போர்த் தண்ணிதானே தாத்தா, ஏன் டென்ஷன் ஆவறீங்க?” என்றான் குழாயைப் பிடித்திருந்தவன்.

மருமகள் வந்து என்னை உள்ளே அழைத்துப் போனாள். வயதானால் இப்படித்தான் என்று அவள் அவனிடம் கண்ணால் சொன்னதையும் பார்த்தேன்.

என் கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. அது அறுபது வருஷத்துக்கும் மேலான கோபம். இத்தனை காலமும் அதைப் பெரியப்பா மேல் சுமத்தி வந்தேன். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ நாளாகிறது. அது யார் மேல் இருக்க வேண்டிய கோபம் என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அண்ணாகிராமத்துப் பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. படிப்புக்காக என்னைக் கடலூரில் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பின்பக்கம் நல்ல தோட்டம், நடுவில் உறைகிணறு. கடலை ஒட்டிய ஊர்க் கிணறுகளுக்கு ஒரு குணம் உண்டு. மேலே நல்ல தண்ணீர் நிற்கும், அதன் அடியில் உப்புத் தண்ணீர் நிற்கும். அளவோடு இறைத்தால் ஆயுசுக்கும் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு இறைத்தால் அடியிலிருப்பது மேலே வந்துவிடும், அடுத்த மழைக்காலம் வரை இறங்காது. எங்கள் கிணற்றில் பெரிய பெரிய சிமெண்ட் உறைகள். மூன்று உறை கண்ணுக்குத் தெரிகிற வரை இறைக்கலாம். நான்காவது தெரிய ஆரம்பித்தால் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும். அந்த வீட்டில் குழந்தைகளுக்கு ஒன்று இரண்டு சொல்லிக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

தோட்ட வேலைக்கு அஞ்சலை என்ற பெண் வருவார். முப்பது வயது இருக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன், பெரியம்மா காதில் விழாதபோது. கூலியோடு சாயங்காலம் இரண்டு குடம் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்வது என்று அவருக்குப் பேச்சு. உப்பனாற்றங்கரையில் அவருடைய தெரு. அங்கே எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் வாயில் வைக்க முடியாது. அவர் வீட்டில் ஐந்து பேர் குடித்ததும் உலை வைத்ததும் அந்த இரண்டு குடத்தில்தான். இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் தை கடைசியில் தோட்டத்தைக் கோடைக்குத் தயார் செய்வார்கள். காய்த்து ஓய்ந்த பூசணிக் கொடிகளைப் பிடுங்கிப் போட்டு, மண்ணைக் கொத்தி ஆறவிட்டு, ஆட்டெருவைச் சலித்துத் தூவி, வெண்டைக்கும் கொத்தவரைக்கும் கீரைக்கும் பாத்தி கட்டுவார்கள். ஊரிலிருந்து அப்பா மூட்டை மூட்டையாக முந்திரிச் சருகு அனுப்புவார். அதைச் செடிகளின் தூரில் பரப்பிவிட்டால் வெயிலில் ஈரம் சீக்கிரம் காயாது. அந்த வருஷம் கிணற்றடியில் எனக்கென்று ஒரு பாத்தி கொடுத்திருந்தார்கள். வெள்ளரி போட்டிருந்தேன். இரண்டிரண்டு இலை விட்டிருந்தது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் போய் எண்ணிப் பார்ப்பேன்.

அந்த வருஷம்தான் பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். முப்பது வருஷம் அதிகாரிகளின் பங்களாக்களுக்குக் கோப்பு தூக்கிக்கொண்டு போனவர். ஒரு நாள் சாப்பிடும்போது, தோட்டத்தை எடுத்துவிட்டு லான் போடப் போவதாக அறிவித்தார்.

“என்னாத்துக்கு? ஆடா வளக்கப் போறீங்க?” என்றார் பெரியம்மா.

“ஒனக்கு என்னா தெரியும்? சாயங்காலத்துல நாற்காலி போட்டு ஒக்காரலாம்.”

“ஒக்காந்து? புல்ல ஆஞ்சி கொழம்பு வெக்கவா?”

மறுநாள் மண்வெட்டி எடுத்த பெரியப்பா முதலில் கொத்தியது என் பாத்தியைத்தான். ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். “சந்தையில கூடகூடையா விக்கறாங்க வெள்ளரி, போடா அந்தப் பக்கம்” என்று சிரித்துக்கொண்டே மேலும் இரண்டு வெட்டு வெட்டினார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. வெட்டியதைக்கூடப் பொறுத்திருப்பேன். எதற்குச் சிரிக்க வேண்டும்?

லான் போட்டது அஞ்சலைதான். அப்பா ஒரு வண்டி செம்மண் அனுப்பினார். அருகம்புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கி, சாணியும் செம்மண்ணும் சேர்த்துக் குழைத்த சேற்றில் கலந்து, அடை தட்டுவதுபோலத் தரை முழுக்கத் தட்டினார். மேலே வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளித்தார். பத்தாம் நாள் பச்சை கட்டியது. அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீர் வீட்டுக்கும் லானுக்கும் மட்டும் என்று பெரியப்பா சட்டம் போட்டார். அஞ்சலையின் இரண்டு குடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

என்னிடம் இன்னும் கொஞ்சம் விதை இருந்தது. குளியலறைக்குப் பின்னால், கொல்லைக் கதவை ஒட்டி, பெரியப்பா எட்டிப் பார்க்காத ஒரு மூலை இருந்தது. அங்கே ஊன்றினேன். அஞ்சலை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். கட்டைச் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

“இதான் கரையா? கோழி கௌறுன மாரி இருக்கு. தள்ளு.”

முழங்கால் மடித்து உட்கார்ந்து, கையாலேயே வட்டமாகக் கரை கட்டி வழித்துவிட்டார். தட்டை வைத்து வரைந்த மாதிரி அவ்வளவு ஒழுங்கு. எழுந்து போகும்போது, “ஒரு நாளைக்கு ரெண்டு வாளி போதும் தம்பி. ஜாஸ்தி எறைக்காத, கெணறு தாங்காது” என்றார்.

முதல் வாரம் இரண்டு வாளிதான் ஊற்றினேன். பிறகு ஒரு நாள் பெரியப்பா லானில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவரையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த நாள் மதியம் எல்லோரும் கண் அசந்த நேரத்தில் இருபது வாளி இறைத்தேன். வெள்ளரிக்கு அவ்வளவு தேவையில்லை. வழிந்து கொல்லைக் கதவு வரை ஓடியது. அந்தத் தண்ணீர் லானுக்குப் போகக் கூடாது என்பது மட்டும்தான் என் எண்ணம். பள்ளிக்கூடம் காலையோடு முடிந்துவிடும் மாதம் அது. தினமும் இறைத்தேன். நான்காவது உறை தெரிந்த நாளில் குனிந்து நன்றாகவே பார்த்தேன். அன்றைக்கும் இறைத்தேன்.

நான்கு நாளில் காபி கரித்தது. புல்லின் நுனி பழுத்தது. பெரியப்பா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கொல்லைக் கதவு வரை நீண்ட ஈரத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் குடங்களோடு வந்த அஞ்சலையை நிறுத்தினார்.

“மத்தியானத்துல கதவத் தெறந்து ஒன் தெருவுக்கே தண்ணி வார்த்தியா?”

“நானா? ரெண்டு குடத்துக்கு மேல ஒரு சொட்டு எடுத்திருந்தா என் கையி அழுவிப் போவட்டும் ஐயா.”

“அப்ப ஈரம் எப்பிடி வந்துச்சி?”

“தம்பியக் கேளுங்க.”

கதைகளில் வருகிற ஏழைகள் இந்த இடத்தில் பேசாமல் நிற்பார்கள். அஞ்சலை அப்படி நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்? “வாங்க, வந்து பாருங்க” என்று பெரியப்பாவை முன்னால் நடத்திக்கொண்டு போய் வெள்ளரிப் பாத்தியைக் காட்டினார். பெரியம்மாவும் வந்தார். கொடி நன்றாகப் படர்ந்திருந்தது. ஆனால் அந்த மூலையில் யார் கண்ணிலும் முதலில் பட்டது கரைதான். பத்து வயதுப் பையன் கட்டிய கரை இல்லை அது என்பது பார்த்த உடனே தெரிந்தது.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “யாருடா போட்டது?”

அவர் சிரிக்கவில்லை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு அடி விழுந்திருக்கும், ஒரு வேளைச் சோறு போயிருக்கும். எல்லாவற்றையும் நான் யோசித்தேன். பயத்தில் வாய் தவறி வந்துவிடவில்லை.

“அஞ்சலதான் போட்டுது” என்றேன். “மத்தியானத்துல வந்து தண்ணி ஊத்துது. ஒங்ககிட்ட சொன்னா அடிப்பேன்னுச்சி.”

கடைசி வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது.

அஞ்சலை என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுத் திட்டினார். என்னை, பெரியப்பாவை, அந்தப் புல்லை, கிணற்றை. “பொய்யி சொல்றான் ஐயா, நெஞ்சறிஞ்சி சொல்றான்! இந்த வயசுலயே இப்பிடியா? ஏம்மா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்!” என்று பெரியம்மாவைப் பார்த்துக் கத்தினார். பெரியம்மா என் கால்சட்டையைப் பார்த்தார். அதன் விளிம்பு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பார்த்துவிட்டு, “சின்னப் புள்ளய எதுக்கு இழுக்கற?” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். வெறும் குடங்கள் இரண்டும் ஒன்றோடொன்று இடிபட அஞ்சலை கொல்லைக் கதவு வழியாக வெளியே போனார்.

பெரியப்பா அதோடு விடவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், திருட்டுத் தண்ணீர் எடுக்கிறவள், சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். எங்களுக்கு நகராட்சிக் குழாயிலிருந்து ஒரு ஆள் தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். இரண்டே நாளில் எங்கள் கஷ்டம் தீர்ந்துவிட்டது. லான் வைக்கோலாகக் காய்ந்தது. வெள்ளரியும் பூவோடு கருகியது. எல்லாம் இந்தப் பெரியப்பாவின் புல்லால் வந்தது என்று என் கோபம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

சித்திரையில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த நகராட்சிக் குழாயடியில் அஞ்சலையைப் பார்த்தேன். அவருடைய தெருவிலிருந்து இரண்டு மைல் இருக்கும். குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் முறை முடிந்து இரண்டு குடமும் நிறைந்திருந்தன. ஓடிவிடலாமா என்று நினைப்பதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்.

“இங்க வா தம்பி” என்றார். குரலில் கோபம் இல்லை. போனேன்.

“வெள்ளரி காச்சிதா?”

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அக்கா எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். “இல்லக்கா. பிஞ்சி வுடறதுக்குள்ள எல்லாம் கருவிப் போச்சி. உப்பு ஏறிடுச்சில்ல?” என்று, பறிகொடுத்தவனைப் போலச் சொன்னேன். எத்தனை கொடி, எத்தனை பூ என்று எண்ணிக்கையோடு சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நான் சொல்லி முடித்த பிறகும் நின்றார். உச்சி வெயில். பின்னால் இருந்தவர்கள், “குடத்த நவுத்தேம்மா” என்று அதட்டினார்கள். அவர் ஒரு அடி மட்டும் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் என் முகத்தையே பார்த்தார்.

நான் நிறைந்த குடத்தின் விளிம்பை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

“சரி, ஒரு கை குடு, தூக்கி வுடு” என்றார் கடைசியில்.

ஒரு குடத்தைத் தலைக்கும் இன்னொன்றை இடுப்புக்கும் ஏற்றிவிட்டேன். சட்டையெல்லாம் நனைந்தது. அவர் கடல் பக்கம் போகும் சாலையில் திரும்பினார். அக்காவுக்கு ஒத்தாசை செய்துவிட்ட சந்தோஷத்தில் நான் வீடு வரை ஓடினேன். அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில், அவர் என் வாயிலிருந்து எதைக் கேட்பதற்காக அவ்வளவு நேரம் காத்துக்கொண்டு நின்றார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.