ஒன்பதாவது ரிப்பன்

எங்கள் சிறுமியர் சங்கத்தில் நாங்கள் எட்டுப் பேர். சென்னையிலிருந்து ஒரு பெரிய பாடகி பொங்கலுக்கு அனுப்பும் ரிப்பன்களோ எப்போதும் ஒன்பது. கடிதத்திலும் ஒன்பது பேருக்கும் ஆசி என்றே இருக்கும்.

சமஸ்தான ஆட்சி ஒழிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. திருக்கோகர்ணத்தில் சங்கத்தை நடத்தியவர் பள்ளிக்கூட டீச்சரான என் அத்தை. பாடகியிடமிருந்து வந்த கடிதத்தையும் அத்தை அவருக்கு எழுதியதன் கார்பன் நகலையும் துளைபோட்டு ஃபைலில் கோப்பது என் வேலை. வரிசை மாறினால் காது திருகப்படும்.

ஒன்பதாவது ரிப்பன் உத்தரத்தில் தொங்கிய ஓலைப்பெட்டிக்குள் போய்விடும். உள்ளே இருந்தவை, அம்மை கண்டு செத்துப்போன அத்தை மகளின் துணிமணிகள். கன்னியாகப் போனவள் வீட்டுத் தெய்வம் என்று தைமாதம் புதுப் பாவாடை வைத்துப் படைப்போம். அத்தை அதை வருஷத்துக்கு இரண்டு விரற்கடை நீளம் கூட்டித் தைப்பார். செத்தவள் வளர்வாளா என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒருமுறை பாடகி, கச்சேரிக்கு வருவதாகவும் அத்தை மகளின் பாட்டைக் கேட்க ஆசை என்றும் எழுதியிருந்தார். அத்தைக்கு முகம் வெளிறிவிட்டது. நான் பழைய நகல்களைப் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் மகள் புதிதாக ஒரு பாட்டுக் கற்றிருந்தாள்.

"இன்னைக்கு ஒருநா நீ அவளா நில்லுத்தா," என்றார் அத்தை, பாடகி வரும் நாளன்று காலையில். "பொய்க்காரின்னு அவுக போயிட்டா, எம்புள்ளைய விசாரிக்க இந்த ஒலகத்துல வேற ஆளில்ல."

பெட்டியிலிருந்து பாவாடையை எடுத்து உடுத்திவிட்டார். அளவு கச்சிதமாக இருந்தது. மற்றப் பெண்கள் என்னைவிட்டு இரண்டடி தள்ளியே நின்றார்கள்.

ஆனால் கணக்கு இடித்தது. நான் ஒன்பதாவதாகிவிட்டால் என் இடத்தில் யார்? வீட்டுக்கு வந்த பாடகி எங்களை எண்ணிப் பார்த்து, ஒருத்தியைக் காணோமே என்றார். எனக்குக் காய்ச்சல் என்று அத்தை என் பெயரைச் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு நானே நின்றேன்.

பாடச் சொன்னார். கழுதைக்கும் எனக்கும் குரலில் பெரிய வித்தியாசம் கிடையாது. அன்று அதுகூட வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். பாடகி, யாரும் உடுத்தாமல் பெட்டியிலேயே கிடந்த பாவாடையின் மடிப்புத் தழும்புகளைப் பார்த்தார். பிறகு அத்தையின் முகத்தை. கண்ணை மூடித் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். ஒரு முழுப் பாட்டின் நேரம், அவர் வளையல் சத்தத்தைத் தவிர அந்த அறையில் வேறு சத்தமில்லை. இடையிடையே தலையை ஆட்டி ரசித்தார்.

"நல்லாப் பாடினே, கண்ணு," என்றார்.

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்தார். அவள் பாடியிருக்கிறாள், எனக்குத்தான் கேட்கவில்லை என்று நடுங்கிப்போனேன். ஒரு வாரம் தனியாகப் படுக்கவில்லை.

அத்தைக்கு மனசு கேட்கவில்லை. எட்டுப் பேர்தான், மகள் ஓலைப்பெட்டியில் இருக்கிறாள், மன்னியுங்கள் என்று எழுதிப் போட்டார். பதிலே இல்லை. தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றார். பொங்கலுக்கு ஒரு பொட்டலம் வந்தது. ரிப்பன் ஒன்பது. கூடவே ஒற்றை வரியில் ஒரு கடிதம்: 'எங்கள் வீட்டிலும் ஓர் ஓலைப்பெட்டி தொங்குகிறது.'

அத்தை அதை மார்பில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கோ ஒரே ஏமாற்றம். அத்தனை பெரிய பாடகி, ஒரு பீரோ வாங்கக்கூடாதா? இதற்குப் போய் அழுவார்களா என்று அலுத்துக்கொண்டே, துளை எழுத்தின்மேல் விழாமல் பார்த்துக் கடிதத்தை ஃபைலில் கோத்து வைத்தேன்.