கேட்டில் தொங்கிய கீரை

மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற லோரி டிரைவர். ஒல்லியான உடம்பு, கட்டம் போட்ட கைலி. தனியாகத்தான் இருக்கிறார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் என் கேட்டில் ஒரு கட்டு முளைக்கீரையைத் தொங்கவிட்டிருப்பார். மசித்தால் வெண்ணெய் போல இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே பாத்தியில் விதை தூவினார்.

"என்ன அங்கிள், கீரைக்கு நாள் பாக்குறீங்களா?"

"மக போன் பண்ணுச்சு. மூணு வாரம் கழிச்சு சனிக்கிழம வருதாம். இன்னிக்கு வெதச்சாத்தான் அன்னிக்குப் பதமா இருக்கும். முந்தி வெதச்சா முத்திரும், அது தொடாது."

"போன தடவ வந்தாங்களா?"

"ஜொகூர்லேருந்து வரணும் லா. வேல ஜாஸ்தி." மண்ணை மெல்லத் தட்டிவிட்டார். "கீர எப்படி, நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு அங்கிள்" என்றேன். வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது. மகள் வராத வாரங்களில்தான் எனக்குக் கீரை வருகிறது.

அவர் சொன்ன சனிக்கிழமை நேற்று. இன்று காலை, கேட்டில் எதுவும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே கதவைத் திறந்தேன்.

வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து, வாழைநாரில் இறுகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.