பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில்

வேகம் விற்கிறவனுக்கும் சாராயம் விற்கிறவனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வாங்கிப் போனவன் அதை வைத்து என்ன செய்தான் என்று ரெண்டு பேருமே போய்ப் பார்ப்பதில்லை.

ஸ்பானர் பிடித்துச் சோறு தின்னும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாதது இல்லை. திருவொற்றியூரில் கடை போட்டிருந்த எனக்கு, இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றிரண்டு வர ஆரம்பித்தன. வந்தவர்கள் கேட்டது ரெண்டே ரெண்டு சாமான். ஒன்று த்ராட்டில் பெட்டி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து போகும் ஒயரின் நடுவே செருகினால், கால்வாசி மிதித்ததை முக்கால்வாசி மிதித்ததாக எஞ்சினுக்குச் சொல்லும். வேலை அவ்வளவுதான். இன்னொன்று ட்யூனிங். லேப்டாப்பைச் சொருகி, பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று எஞ்சினின் கணக்கையே மாற்றுவது. பெட்டியில் எஞ்சினுக்கு ஆபத்தில்லை, பலனும் இல்லை. ட்யூனிங்கில் ரெண்டும் உண்டு.

இன்னும் கொஞ்சம்

மரியதாஸ் அண்ணன் ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. யாரும் எடுக்க வராமல் துறைமுகத்திலேயே கிடந்து துருப்பிடித்த ஒரு வெளிநாட்டுக் காரை ஏலத்தில் எடுத்தார். ரெண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக அந்தக் காரிடம்தான் போவார். ஒவ்வொரு நட்டாகத் தானே சுரண்டி, தானே எண்ணெய் போட்டு உயிர் கொடுத்தார்.

கடைசியில் ட்யூனிங்குக்கு என்னிடம் வந்தார். நான் ஓரளவோடு நிறுத்தினேன். ஒரு ரவுண்டு போய் வந்தவர், "இன்னும் கொஞ்சம் குடு ஜேம்ஸு" என்றார். நம்ம ஊர் பெட்ரோல் தாங்காது என்று சொன்னேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு மறுக்க மனசு வரவில்லை, கொடுத்துவிட்டேன். எண்ணூர் தாண்டி நாலாவது கிலோமீட்டரில், உள்ளே சுத்தியலால் அடிப்பது போல எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. அவர் காலை எடுப்பதற்குள் பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்துவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தோம். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பானெட்டின் மேல் கையை வைத்தார்.

"ரெண்டு வர்சமா எங்கூடப் பேசிக்கினு இருந்த ஒரே ஆளு ஜேம்ஸு இது."

ஏறியது யாருக்கு

அதற்குப் பிறகு நான் ட்யூனிங்கைத் தொடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பெட்டியை மாட்டிவிட்டேன். எஞ்சின் வெடிக்காது, எனக்குத் தூக்கம் வரும். அப்படி வந்தவன்தான் விக்னேஷ், துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரின் ஒரே மகன். சிவப்பு நிறத்தில் ரெண்டு பேர் உட்காரும் கார். மிதித்தால் மந்தமாக இருக்கிறது என்றான்.

பெட்டியில் ஐந்து படி உண்டு. நான் நேராக ஐந்தில் வைத்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்தில் வைத்தால்தான் முதல் மிதியில் கஸ்டமர் முகம் மலரும். டோல்கேட் வரை போய் வந்தோம். தலை சீட்டில் இடிக்க இடிக்கச் சிரித்தான். "எஞ்சினுக்கு ஒரு பவரும் ஏறலப்பா, பெடலுக்குத்தான் அவசரம் வந்திருக்கு" என்று உண்மையைச் சொன்னேன். நெரிசலில் ஓட்டும்போது ரெண்டுக்கு இறக்கிக்கொள் என்றும் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் வேறொரு வண்டி வந்து நின்றது, நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். பின்னாலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

"வண்டிக்கு ஏறலன்னா இன்னாண்ணே, எனக்கு ஏறிச்சே!"

ஐந்தடி

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவனிடமிருந்து போன். "எண்ணூர் ரோட்டுக்கு வாண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போலக் கன்டெய்னர் லாரிகள் வரிசை. தூறல். மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

காரின் மூக்கு ஒரு டிரெய்லரின் பின்பக்கத்தை ஒட்டி நின்றது. நடுவில் ஒரு சைக்கிள், மடித்து வைத்த குடை மாதிரி. மோதுவதற்கு முன் காருக்கும் டிரெய்லருக்கும் இடையில் இருந்தது ஐந்தடிதான். அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் குறுக்கே போயிருக்கிறார். அதே நேரம் டிரெய்லர் கொஞ்சம் அசைய, இவன் பெடலைத் தொட, கார் பாய்ந்துவிட்டது. அடிபட்டவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். காரின் ஹெட்லைட் கூட உடையவில்லை. விக்னேஷ் கடலோரத்துப் பாறாங்கல்லில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிதிக்கலண்ணே. தொட்டேன். தொட்டுதான் வச்சேன்."

கட்டம் இல்லாத ஃபாரம்

சாயங்காலம் அவன் அப்பா கடைக்கு வந்தார். "நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியப் பாக்க வராரு. அதுக்குள்ள அந்தப் பொட்டியக் கழட்டிடு. உனக்கும் நல்லதுதானே?" என்றார். உண்மைதான். கழற்ற ரெண்டு நிமிஷம் போதும், கழற்றினால் என் தலையும் தப்பும். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற காருக்குள் குனிந்து கையை விட்டேன். விரல் கிளிப்பில் இருந்தது. பிறகு என்னவோ, கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதை வீரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேராகக் கடைக்கு வந்து ஷட்டரை இறக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

காலையில் இன்ஸ்பெக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். பெட்டியையும் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். அது என்ன செய்யும் என்று ரெண்டு தடவை கேட்டுக்கொண்டார். கையிலிருந்த ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரேக், ஸ்டியரிங், டயர், ஹாரன் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருந்தது.

"இதுக்குக் கட்டமே இல்லியேப்பா. பிரேக் நல்லாத்தான் கீது, அத்தையே எழுதிக்கிறேன். நீ கெளம்பு."

கேள்வி

அடிபட்டவர் பேர் எல்லப்பன். முகத்துவாரக்குப்பத்தில் வீடு. கழிமுகத்துச் சேற்றில் இறங்கி, காலால் தடவி இறால் இருக்கும் இடம் பார்த்துக் கையால் பிடிக்கிற தொழில். ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நான் போனபோது அவர் மனைவி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ரெண்டு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான்தான் அந்தக் காரின் மெக்கானிக் என்றேன். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். ஐந்தில் வைத்ததையும், இறக்கச் சொல்லாததையும் மறைக்கவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் கிட்டே நின்றேன். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கவனமாகக் கேட்டார்.

"அத்த மாட்டினா வண்டி வேகமாப் போவுமா நைனா?" என்றார்.

"இல்லண்ணே. போற மாதிரி தோணும்" என்றேன்.

கஞ்சிக் கிண்ணத்தை மனைவி கீழே வைத்துவிட்டார். எல்லப்பன் போர்வையில் கால் இல்லாமல் தட்டையாகக் கிடந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"தோணறதுக்கா நைனா எங்காலு போச்சி?"

இப்போதெல்லாம் வேகம் வேண்டுமென்று வருகிறவர்களிடம் முதலில் பிரேக்கைக் காட்டு என்கிறேன், அவர்கள் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள், பக்கத்துக் கடைக்காரர் மாடி எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.