ஜாகா ஊருக்குப் போனபோது

எங்கள் செந்தூல் அடுக்குமாடியில் எந்த நல்ல காரியமும் சண்டை இல்லாமல் நடந்ததில்லை. நேப்பாளத்தில் நிலநடுக்கம் வந்து எங்கள் ஜாகாவின் வீடு இடிந்தபோதும் அப்படித்தான். ஜாகா என்றால் பகலில் வாசல் கேட்டைக் காக்கும் தம்பி. பல வருடங்கள் எங்களோடு இருந்ததில் தமிழும் நன்றாகவே பேசுவார். மனைவியும் ஆறு வயது மகளும் ஊரில். நிலம் ஆடியபோது இருவரும் வெளியே வயலில் இருந்ததால் பிழைத்தார்கள். வீடு கல்லும் மண்ணுமாகக் குவிந்துவிட்டது.

செய்தி கேட்ட அன்றே எல்லாரும் உதவக் கிளம்பிவிட்டோம். கிளம்பிய வேகத்துக்கு மூளை கூடவே வரவில்லை. ஒருவர் கட்டுக்கட்டாகப் புடவை கொண்டுவந்தார், இன்னொருவர் ரைஸ் குக்கர். நான் கொடுத்தது ஒரு பெரிய அண்டா. விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? தம்பியின் ஊருக்கு லோரி போகாது, கடைசி ஏற்றத்தில் எல்லாவற்றையும் முதுகில்தான் சுமக்க வேண்டும். எங்கள் மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் சிரித்தபடி நின்றார்.

அதற்குள் வாஸ்து ஆரம்பித்துவிட்டது. கீழ்வீட்டு அங்கிள் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். புது வீட்டு வாசல் கிழக்கு பார்க்க வேண்டும் என்றார். நான் வடக்கு என்றேன். அவர் பேச்சை மறுப்பதில் எனக்கு ஒரு தனி சுகம் உண்டு. நாங்கள் கண்ணால் பார்க்காத ஒரு மலையில் அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்றுகூட வாதாடினோம். கடைசியில் தம்பியையே கேட்டோம். வீட்டுக்குப் பின்னால் மலை, இரண்டு பக்கமும் பாறை, வாசல் வைக்க இருப்பதே ஒரு பக்கம்தான் என்றார் அவர்.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "உனக்கு என்னதான் வேணும் தம்பி?"

அவர் மெதுவாகச் சொன்னார். மரம், தகரத்துக்கு வழி பிறந்துவிட்டது, கட்ட ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். மகள்தான் கவலை. அன்றிலிருந்து எந்தக் கூரைக்கு அடியிலும் அவள் போவதில்லை. இடியாமல் நின்ற பக்கத்து வீட்டுக்குள்கூடக் கால் வைப்பதில்லை. கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெட்டவெளியில் தூங்குகிறாள். குளிர்காலம் வந்தால் என்ன ஆகும்?

"நான் கட்டணும் அக்கா. அவ பக்கத்துல நின்னு பாக்கணும். ஒவ்வொரு ஆணியும் அப்பா அடிச்சதுன்னு தெரிஞ்சா உள்ள வருவா."

நான் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

லீவில்தான் சிக்கல். பகலுக்குத் தற்காலிக ஆள் இல்லை, தம்பி போனால் அந்த இடத்தில் வேறொருவரை நிரந்தரமாகப் போட வேண்டியிருக்கும் என்றது காவல் கம்பெனி. அங்கிளுக்கு வந்ததே கோபம். "பகல்ல நாங்களே பாத்துக்கறோம் லா," என்று போனில் சொல்லிவிட்டார், எங்கள் யாரையும் கேட்காமலே. முதல் தடவையாக நான் அவர் பேச்சுக்குச் சரி என்றேன். கம்பெனியும் ஒத்துக்கொண்டது.

காவல் என்றால் சும்மா உட்காருவது என்றுதான் நினைத்திருந்தேன். அங்கிள் ஒரு விசில் வாங்கிக்கொண்டார். கிள்ளானில் இருந்து அவருடைய சம்பந்தி வீட்டார் பலகாரத்தோடு வந்தபோது, ஐசி அடையாள அட்டையைக் காட்டினால்தான் தடுப்புக் கம்பு உயரும் என்று நிறுத்தினார். அவர்கள் பலகாரத்தோடு காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். என் முறையில் கதை வேறு. கேட்டருகே காவல் அறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பேன், "அக்கா" என்று யார் அழைத்தாலும் கம்பைத் தூக்கிவிடுவேன். தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள் எல்லா மாடிக்கும் போய்வந்தார்கள்.

தம்பி ஊரிலிருந்து படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். சுவர் முழங்கால் உயரம் வந்தபோது மகள் ஆணி டப்பாவோடு அருகில் நின்றாள். தோள் உயரம் வந்தபோது சற்றுத் தள்ளி நின்றாள். தகரக் கூரை ஏறிய அன்று படத்தில் அவளைக் காணோம். அங்கிள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினார். அன்று நாங்கள் இருவரும் எதற்கும் சண்டை போடவில்லை.

வீடு முடிந்தது, பூசையும் நடந்தது. மகள் உள்ளே வரவில்லை என்று தம்பி ஒரே வரியில் எழுதியிருந்தார். இனி என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம், அங்கிள் என்னை மாற்றிவிட வந்த நேரத்தில், தம்பி வீடியோவில் அழைத்தார். நான் பேச வாயெடுத்தபோது உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு போனைத் திருப்பினார். புது வீட்டு மண் தரையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வாசலுக்கு வெளியே, மற்றதெல்லாம் கூரைக்கு அடியில். நான் அழுதுவிட்டேன். அங்கிள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து கேட்டில் ஒரு லோரி ஹார்ன் அடித்தது. அங்கிள் வெளியே ஓடிப்போய், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார். லோரிக்காரர் ஒன்றும் புரியாமல் எஞ்சினை அணைத்தார்.